வேட்கையும் பிறனும்: கிறித்தவத் தமிழ் இலக்கியத்தில் அன்பின் இரு நெறிகள்

தமிழில் எழுந்த கிறித்தவ இலக்கியங்களைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். தேம்பாவணி காப்பிய மரபை எங்ஙனம் தழுவிற்று, பெத்தலகேம் குறவஞ்சி திருக்குற்றாலக் குறவஞ்சியோடு எவ்வளவு ஒப்புடையது என்பன போன்ற வினாக்களுக்கு விடைகள் நிரம்பக் கிடைத்துள்ளன. ஆயின் அந்நூல்களின் அடியில் கிடக்கும் ஒரு பொருள் உரிய அளவு ஆராயப்பெறவில்லை என்பது எம் கருத்து. மாந்தர்தம் ஆசையைக் கிறித்தவம் என்ன செய்ய முற்பட்டது? அம்முயற்சி தமிழ்நாட்டில் எங்கே எளிதிற் கைகூடிற்று, எங்கே முட்டுப்பட்டு நின்றது? இவற்றைப் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சான்றுகள் சிலவற்றைக் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

ஆசை பற்றிய கிறித்தவக் கொள்கைக்கு மேலைத் திருச்சபையில் தெளிந்த வடிவம் தந்தவர், வட ஆப்பிரிக்காவில் இப்போ நகரத்து ஆயராக விளங்கிய அகுசுத்தீன் (354-430) ஆவார். கல் தன் எடையால் கீழ் நோக்கியும் நெருப்புத் தன் இயல்பால் மேல் நோக்கியும் செல்வதுபோல, மனிதனை அவன் அன்பு இழுத்துச் செல்கின்றது என்பது அவர் கண்ட உவமை. எடையில்லாப் பொருளுக்கு இயக்கம் இல்லை. அன்பில்லா மனத்துக்கும் அங்ஙனமே. ஆகவே ஆசையை வேரோடு களைதல் அவர்தம் நோக்கமன்று. அதனை முறைப்படுத்தலே நோக்கம். எல்லா உணர்ச்சியும் அடங்கிய நிலையே அறிஞனுக்குரியது என்ற தாயிக்கு மெய்யியலாரை அவர் தம் ‘கடவுள் நகரம்’ என்னும் பெருநூலில் மறுத்துரைத்தார். இலாசரு இறந்தபோது கிறித்துவே கண்ணீர் வடித்தமையை அதற்குச் சான்றாக்கினார். இறைவனை முழு மனத்தோடு அன்பு செய்தல், பிறனைத் தன்னைப்போல் அன்பு செய்தல் என்னும் இரு கட்டளைகளும் அவர் கொள்கையில் ஒன்றையொன்று தாங்கி நிற்பன. முன்னது வேட்கையின் திசையை மாற்றுவது. பின்னது அதன் எல்லையை அகற்றுவது.

இக்கொள்கை தமிழ் நிலத்தில் வந்து சேர்ந்தபொழுது வெற்று நிலத்தைக் காணவில்லை. வள்ளுவர் அவா அறுத்தலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தவர். எனினும் துறவதிகாரத்தின் இறுதியில், பற்று விடுதற்குப் பற்றற்றானையே பற்றவேண்டும் என அவர் கூறுமிடத்து, அறுத்தல் என்பது திருப்பலாக மாறிவிடுகின்றது. பின்னர் வந்த நாயன்மாரும் ஆழ்வாரும் அகத்திணையின் தலைவியைத் தம் வாயினுள் புகுத்திக்கொண்டு இறைவனைக் காதலனாகக் கொண்டு பாடினர். ஆதலின் வேட்கையை இறைவன்பால் திருப்பும் நெறிக்குத் தமிழில் மொழியும் இசையும் யாப்பும் ஆயிரம் ஆண்டுகளாக ஆயத்தமாக இருந்தன. அயல்நாட்டிலிருந்து வந்த பாதிரிமார் இதனை உணர நெடுங்காலம் பிடிக்கவில்லை.

இரண்டாம் கட்டளையின் நிலை வேறு. அன்புக்கும் அருளுக்கும் பரிமேலழகர் வேறுபாடு காட்டுவார். தொடர்புடையார்மாட்டு எழுவது அன்பு. தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் செல்வது அருள். முன்னது இல்லறத்தானுக்கும் பின்னது துறவறத்தானுக்கும் உரியனவாக வைக்கப்பெற்றன. தொடர்பில்லாதவனை, அதுவும் இல்லறத்தில் இருந்துகொண்டே, தொடர்புடையானைப் போல் நேசிக்கவேண்டும் என்னும் கட்டளை இவ்விரு பிரிவுள் எதனுள்ளும் இனிது அடங்குவதில்லை. அருள் என்றால் மேலிருந்து கீழிறங்குவதுபோல் தோன்றும். அன்பு என்றால் சுற்றத்தோடு நின்றுவிடும். விவிலிய மொழிபெயர்ப்பாளர் அன்பு என்னும் சொல்லையே கொண்டு அதன் எல்லையை விரிக்கத் துணிந்தனர். 1871இல் முற்றுப்பெற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பில் ‘பிறன்’ என்பதே அன்பு கூரப்படுவானுக்குரிய சொல்லாக நிற்கின்றது. குறளிலோ அச்சொல் அதிகாரத் தலைப்பில் முதன்முதல் வருவது ‘பிறனில் விழையாமை’ என்னுமிடத்து. ஆண்டுப் பிறன் என்பான், எவனுடைய உரிமையை நாம் விரும்பலாகாதோ அவன். விலகி நிற்றற்கு எல்லையாக இருந்த ஒரு சொல், அணுகிச் செல்லுதற்கு இலக்காக்கப்பெற்றது. சொல்லின் அளவில் இம்மாற்றம் எளிதாக நடந்துவிட்டது; வாழ்வின் அளவில் அங்ஙனம் நடக்கவில்லை.

முதலில் வேட்கையின் திசைமாற்றத்தைக் காண்போம். வீரமாமுனிவர் எனப்பெறும் பெசுகி (1680-1747) தேம்பாவணியை 1726இல் இயற்றி முடித்தார். மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாடல் கொண்ட இப்பெருங்காப்பியத்துக்குத் தலைவன் கிறித்து அல்லன். அவரை வளர்த்த தந்தையாகிய சூசை, முனிவர் வாக்கில் வளன். இத்தேர்வே நம் கவனத்துக்குரியது. தமிழ்க் காப்பியத்துக்குத் திருமணமும் இல்வாழ்வும் இன்றியமையாதன. வளனும் மரியாளுமோ மணத்துக்கு முன்னரே கன்னிமை நோன்பு பூண்டவர்கள். கம்பன் மிதிலைத் தெருவில் இரு கண்களை எதிர்ப்படுத்திக் காதலை மூட்டியதுபோல இவரால் மூட்ட இயலாது. ஆகவே திருமணப் படலத்தில் ஊரும் விழாவும் காப்பிய வளத்தோடு பொலிகின்றன. மணமக்கள் நெஞ்சம் மட்டும் வேறொரு தலைவனை நோக்கி நிற்கின்றது.

இதுவும் அவா அறுத்தலே அன்றோ, பெயர்தானே வேறு என்று வினவலாம். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த முனிவர் காமத்துப்பாலைத் தொடாது விட்டமையும் இவ்வையத்துக்கு இடந்தருவதே. துறவியொருவர் தம் சபையினருக்கென எழுதிய பெயர்ப்பில் அப்பகுதியை விடுத்ததில் வியப்பில்லை. ஆயினும் அவ்விடுபாடு வள்ளுவத்தை அரைகுறையாக்கிற்று என்பதை மறைத்தல் வேண்டா. காப்பியத்துள் மனித அன்பு அங்ஙனம் விடுபடவில்லை என்பதற்கு இரண்டு இடங்களைச் சுட்டுவோம். ஒன்று, மரியாள் கருவுற்றதை அறிந்த வளன் கொள்ளும் ஐயம். மத்தேயு நற்செய்தியில் சில வரிகளில் முடியும் இந்நிகழ்ச்சி, காப்பியத்தில் ஒரு கணவனின் நெஞ்சுப் போராட்டமாக விரிகின்றது. அவள் மேல் பழி சாராவண்ணம் தான் விலகிச் செல்ல நினைப்பவன் அன்பற்றவன் அல்லன். மற்றொன்று, கருணையன் தன் தாயை இழந்து அரற்றும் பகுதி. கருணையன் என்பது திருமுழுக்கு யோவானுக்கு முனிவர் இட்ட பெயர். யோவான் என்னும் எபிரேயப் பெயர் இறைவனின் கருணையைச் சுட்டுவதாதலின் அது நல்ல மொழிபெயர்ப்புமாம். கானகத்தில் தாயோடு வாழ்ந்த அவன், அவளை மண்ணுக்கு ஒப்படைத்துவிட்டு, சிறு பிள்ளையைப் போல் வருந்துகின்றான். மரமும் பறவையும் உடன் வருந்துகின்றன. துறவியின் வாயில் இத்துணை நீண்ட புலம்பலை வைத்த கவிஞர், உணர்ச்சியை அடக்குதலே மேன்மை எனக் கொண்டவராதல் இயலாது. தாயிக்கு மெய்யியலாருக்கு அகுசுத்தீன் உரைத்த விடையைத் தமிழ் விருத்தத்தில் கேட்பதுபோல் உள்ளது.

முனிவர் தயங்கிய இடத்தில் தயங்காது புகுந்தவர் தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774-1864). நெல்லையிற் பிறந்து, சுவார்ட்சு ஐயரால் இளமையிலேயே தஞ்சைக்கு அழைத்துவரப்பெற்று, அவரிடம் பயின்றவர். மன்னர் இரண்டாம் சரபோசியும் சுவார்ட்சின் அரவணைப்பில் வளர்ந்தவர் என்பதால், அரண்மனையின் இசையும் கூத்தும் சாத்திரியாருக்கு அயலானவை அல்ல. 1800இல் அவர் இயற்றிய பெத்தலகேம் குறவஞ்சி, காதல் நோயை அடித்தளமாகக் கொண்ட ஓர் இலக்கிய வகையை முழுவதும் எடுத்துக்கொண்டது. தலைவன் உலா வருகின்றான், தலைவி காண்கின்றாள், மயலுறுகின்றாள், குறத்தி வந்து மலைவளம் பாடிக் குறி சொல்கின்றாள். குற்றாலத்தில் வசந்தவல்லி நின்ற இடத்தில் இங்கே தேவமோகினி நிற்கின்றாள். அவள் சீயோன் மகள், அதாவது திருச்சபை. தலைவன் பெத்தலகேமில் பிறந்த கிறித்து.

இது தமிழ் மரபுக்கு விட்டுக்கொடுத்த சமரசம் எனக் கருதுவார் உளர். அது முழு உண்மையன்று. விவிலியத்தின் உன்னதப்பாட்டு ஆண் பெண் காதலைப் பாடும் நூல். அதனை இறைக் காதலாக விளக்கிப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளெயர்வோ மடத்துப் பெர்னார்டு என்பார் எண்பத்தாறு சொற்பொழிவுகள் செய்தார். எனவே சாத்திரியார் இரண்டு பழைய ஆறுகள் கூடும் துறையில் நின்று பாடினார் என்பதே பொருந்தும். அவர் நூலில் அக்காலத்துப் புதிய வானநூல், நிலநூற் செய்திகளும் இடம்பெறுதல் படிப்பார்க்குச் சுவையான புதுமை. எமக்கு அதனினும் முதன்மையாகத் தோன்றுவது வேறு: கிறித்தவத் தமிழன் தன் பழைய ஆசை மொழியை நாணாமல் வழிபாட்டுக்குக் கொண்டு செல்லலாம் என்னும் உரிமையை இந்நூல் பெற்றுத் தந்தது. வேட்கையைத் திருப்பும் முதல் நெறி தமிழில் வெற்றி கண்டது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

இனி, பிறன்பால் வருவோம். இங்கே இலக்கியத்தை விட்டுக் கோவிலின் உட்புறத்தை நோக்கவேண்டும். அங்கு யார் எங்கே அமர்ந்தனர், எந்தக் கிண்ணத்திலிருந்து யார் பருகினர் என்பதே சான்று. மதுரையில் 1606 முதல் பணிபுரிந்த தத்துவ போதகர் எனும் நொபிலி உயர்குலத்தாரிடையே துறவிக்கோலத்தில் வாழ்ந்தார். பின்னர், தாழ்த்தப்பட்ட மக்களுக்கெனப் பண்டார சாமிகள் எனத் தனியொரு துறவியர் வரிசை ஏற்பட்டது. சாகும் தறுவாயிலுள்ள பறையர் வீட்டுக்குட் சென்று குருமார் அருட்சாதனம் வழங்கவேண்டும் என்று பாப்பரசரின் தூதர் தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் ஆணையிட்டார். நாற்பது ஆண்டுகள் வழக்கு நீண்டது. 1744இல் பதினான்காம் பெனடிக்டு பாப்பரசர் அவ்வாணையை உறுதி செய்தபொழுதும், அம்மக்களுக்கெனத் தனிக் குருமாரை அமர்த்தும் ஏற்பாட்டை ஏற்கவேண்டியதாயிற்று. இறக்கும் மனிதனின் குடிசை வாயிலைக் கடப்பதற்கு உரோமாபுரியின் ஆணை தேவைப்பட்டது என்பதையும், அது வந்த பின்னரும் எல்லாரும் கடக்கவில்லை என்பதையும் வரலாற்று மாணவர் நினைவில் இருத்துதல் வேண்டும்.

சீர்திருத்தத் திருச்சபையினர் இதனினும் மேம்பட்டாரல்லர். தரங்கம்பாடியில் 1706இல் தொடங்கிய லுத்தரன் பணியில், 1733இல் ஆரோன் என்னும் வேளாளர் முதல் தமிழ்க் குருவாகத் திருநிலைப்படுத்தப்பெற்றார். தஞ்சைப் பகுதியில் நெடுங்காலம் உபதேசியாராக உழைத்த இராசநாயக்கன் பறையர் குலத்தவர். படைவீரராக இருந்து வேதத்தைப் படித்துத் தெளிந்தவர். அடுத்த குருவைத் தேர்ந்தெடுக்கும் காலம் வந்தபொழுது, அவர் கையிலிருந்து வேளாளர் இராப்போசனம் பெறத் தயங்குவர் என்னும் அச்சத்தால் அவர் விடப்பெற்றார். 1741இல் தியோகு என்பவர் குருவானார். இராசநாயக்கன் உள்ளம் என்ன பாடுபட்டதோ, அதனைப் பாடிய கவிஞர் எவரும் இலர்.

தஞ்சையில் சுவார்ட்சு ஐயர் காலத்திலும் வேளாளர் ஒருபுறமும் பறையர் மறுபுறமுமாகவே கோவிலில் அமர்ந்தனர். அவர் 1798இல் மறைந்த பின் வந்த இளைய பாதிரிமார் இதனை ஒழிக்கத் தலைப்பட்டனர். 1829ஆம் ஆண்டளவில் சாத்திரியாரும் தஞ்சை வேளாளக் கிறித்தவரும் அவர்களுக்கு எதிராக முறையீடுகள் எழுதினர். அவற்றில் நான்கு குறைகள் முன்வைக்கப்பெற்றன: பெப்பிரிசியசின் பழைய விவிலிய மொழிபெயர்ப்பை அகற்றி இரேனியசு திருத்தியதைப் புகுத்தியது, இராப்போசனத்தில் சாதிகளைக் கலக்க வற்புறுத்தியது, விழாக்களில் மலர்களை விலக்கியது, தமிழ்ப் பாடலைக் கோவிலிலிருந்து நீக்கியது.

இந்நான்கையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். இன்று படிப்போர் மொழிபெயர்ப்பு, மலர், பாடல் ஆகிய மூன்றிலும் சாத்திரியார் பக்கமே நிற்பர். தமிழ்க் கீர்த்தனை இல்லாத தமிழ்க் கோவிலை யார் விரும்புவர்? இரண்டாவதில் மட்டும் அவரை விட்டு விலகுவர். அவருக்கோ இவை நான்கல்ல, ஒன்று. வேட்கையை இறைவன்பால் கொண்டு சென்ற அதே மரபு, இருக்கையையும் வகுத்துத் தந்திருந்தது. மரபை முழுமையாகக் காத்தவர் அதன் முள்ளையும் சேர்த்தே காத்தார். சாதி உலகியல் ஒழுக்கமே, ஐரோப்பியரிடையேயும் குலமேன்மை பாராட்டல் உண்டு என்பது அவர் தரப்பின் வாதம். அதில் எதிர்ப்பக்கத்தின் குறையைச் சுட்டும் கூர்மை உண்டு. கும்பினி ஆட்சியின் நிழலில் வாழ்ந்த பாதிரிமார் தம் இனத்தாரின் மேட்டிமையைக் கோவில் வாயிலில் கழற்றி வைத்தவர்கள் அல்லர். ஆயினும் பிறர்பால் உள்ள குறை தன் குறைக்கு விடையாகாது. கிண்ணத்தைத் தமக்குப் பின் யார் தொடுவார் என்று எண்ணியவர்கள் மனத்தில், தேவமோகினியின் காதல் எட்டாத ஓர் அறை இருந்தது என்றே நாம் முடிவு செய்ய வேண்டியுள்ளது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, ‘பிறன்’ என்னும் சொல்லுக்கு ஈடாக ‘அடுத்திருப்பவர்’ என்று ஆள்கின்றது. தஞ்சை வழக்கு முழுவதும் அச்சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றது. அங்கே எழுந்த வினாவே யார் அடுத்து இருப்பார் என்பதுதான்.

1833இல் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன், திருச்சபையில் சாதி வேறுபாடு முற்றாகவும் உடனடியாகவும் கைவிடப்படவேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் வழிபாட்டை விட்டு அகன்றனர். ஆணையால் இருக்கையை மாற்றலாம்; அமர்ந்தவர் நெஞ்சை மாற்ற முடிந்ததா என்பது வேறு. எனினும் அம்மடல் வந்திராவிடின் இராசநாயக்கன் வழிவந்தோருக்குக் கோவிலின் நடுவிடம் எந்நாள் கிடைத்திருக்கும் என்று கேட்பவருக்கு யாம் மறுமொழி கூற வல்லேம் அல்லேம்.

ஈண்டுக் குறவஞ்சியை மீண்டும் ஒருமுறை புரட்டுதல் தகும். அவ்விலக்கிய வகையில் தலைவி உயர்குடிப் பெண். குறத்தி மலையில் திரியும் எளியவள். தலைவியின் நோய்க்கு மருந்து தோழியரிடம் இல்லை, மாளிகையில் இல்லை. குறத்தி அவள் கையைத் தன் கையில் ஏந்தி இரேகை பார்த்த பின்னரே தலைவன் வரவு உறுதியாகின்றது. வேட்கை நிறைவேறும் வழி, எளியவள் ஒருத்தியின் தீண்டலின் ஊடாகவே செல்கின்றது. இரண்டு கட்டளைகளையும் ஓரிடத்தில் முடிச்சிட்டுக் காட்டும் இக்காட்சி சாத்திரியாரின் நூலுக்குள்ளேயே இருந்தது. மரபு கொடுத்த முள்ளை அவர் பற்றிக்கொண்டார். அதே மரபு கொடுத்த இம்மருந்தை அவர் உணர்ந்ததாக அம்முறையீடுகளில் தோன்றவில்லை.

பின்வந்தோரைச் சுருங்கச் சொல்வோம். 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருட்டிண பிள்ளை (1827-1900), சான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில நூலைத் தழுவி, இரட்சணிய யாத்திரிகத்தை 1894இல் வெளியிட்டார். வைணவக் குடியிற் பிறந்தவராதலின் திருமால்பால் கொண்டிருந்த உருக்கம் அவர் கவியில் கிறித்துவின்பால் அப்படியே ஓடுகின்றது. சிலுவைப் பாட்டைப் பாடுமிடங்கள் தமிழ்ப் பத்தி இலக்கியத்தில் உயர்ந்த இடத்தைப் பெறுவன. ஆயினும் பயணம் தனியொருவன் ஆன்மாவின் பயணமே. அது மூலநூலின் இயல்பும் ஆகும். வேட்கை நெறி மீண்டும் ஒருமுறை வென்றது; பிறன் வழித்துணையாக மட்டும் வந்து போகின்றான்.

பிறன்பால் சென்ற அன்பைக் காண விழைவோர் காப்பியத்தை விட்டு வேறிடம் செல்லவேண்டும். மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) கத்தோலிக்கர், முன்சீபாக இருந்தவர். 1859இல் நீதிநூலையும் 1879இல் தமிழின் முதல் புதினமாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தையும் வெளியிட்டார். நீதிமன்றத் தீர்ப்புகளை ஏழை மக்கள் தம் மொழியில் அறியவேண்டும் என்று தமிழாக்கினார். 1876-78இல் தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தில் தம் பொருளை அள்ளி வழங்கிக் கஞ்சித்தொட்டி வைத்தார். பஞ்சத்தைப் பற்றிக் கீர்த்தனைகளும் பாடினார். அவர் தம் கீர்த்தனை நூலுக்குச் சர்வ சமய சமரசம் எனப் பெயரிட்டதும், சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மேல் குளத்தூர்க் கோவை என அகப்பொருள் நூலே பாடியதும் அக்கால உறவின் இனிமையைக் காட்டும். ஓர் உண்மையை மட்டும் குறிப்பிடுவோம். பஞ்சத்துக் கஞ்சியைப் பெற்றுக்கொண்டவர் இன்ன சமயத்தார், இன்ன குலத்தார் என்று பிரித்து இந்நிகழ்ச்சியை எவரும் நினைவு கூர்வதில்லை.

அக்கொடையைக் கண்டு அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடியவர் கோபாலகிருட்டிண பாரதியார். தில்லையைக் காணவேண்டும் என்னும் தீராத வேட்கையால் உருகிய நந்தனின் கதையைப் பாடி, அதனை 1861-62ஆம் ஆண்டளவில் காரைக்காலில் அச்சேற்றியவரும் அவரே. அக்கதையிலும் நந்தனின் வேட்கை இறைவனை எட்டிவிடுகின்றது. தில்லைக் கோவிலின் வாயில் மட்டும், அவன் தீயில் மூழ்கிப் பழைய உடம்பை நீத்து எழும்வரை, அவனுக்குத் திறக்கவில்லை.